தண்ணீரில் இறங்கும் வண்டி இது: படகு டிரெய்லர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய படகு டிரெய்லர் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். உப்புநீர் இரும்பை என்ன செய்யும், சக்கரத்தின் நடுவே பேரிங்குகளை அடக்கியிருக்கும் ஹப் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரில் முங்கினால் உள்ளே என்ன நடக்கும் என்பதெல்லாம் படகு வைத்திருக்கும் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், தண்ணீரையே பார்க்காத வண்டிக்குச் செய்வதுபோல ஏன் எங்களுக்கும் செய்து அனுப்புகிறீர்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகை நீரிலிருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் வழியில், இடப்பக்கக் கண்ணாடியில் மெல்லிய புகை தெரிந்தது. ஓரங்கட்டி இறங்கிப் போய்ப் பார்த்தேன். சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே அனல் முகத்தில் அடித்தது. ஆறும்வரை காத்திருந்து ஹப் மூடியைத் தட்டிக் கழற்றியபோது, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கலந்த பால் நிறத்தில் ஒரு கூழ் வழிந்தது. உள்பக்கப் பேரிங்கின் கூடு உடைந்து, உருளைகள் நீலம் பாய்ந்து, ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தன. இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் சக்கரம் கழன்று, பின்னால் இருசக்கர வண்டியில் வந்தவர் மேல் போய் விழுந்திருக்கும் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. டிரெய்லர் வாங்கி இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. கையேட்டில் சொன்ன நேரத்தில் சொன்னபடி கிரீஸ் அடித்துக்கொண்டுதான் வந்தேன்.

அந்த இரவை என் மகனும் நானும் காருக்குள்ளேயே கழித்தோம். படகைச் சாலையோரத்தில் தனியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ஆனால் உண்மையான சோதனை மறுநாள் காலையில்தான் தொடங்கியது. எந்த அளவுப் பேரிங், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் எந்த எண் என்று ஆக்சிலில் எங்கும் பொறிக்கப்படவில்லை, கையேட்டிலும் இல்லை. நொறுங்கிய துண்டுகளை ஒரு துணியில் முடிந்துகொண்டு கடை கடையாக ஏறி, சக்கரம் சுழலும் ஆக்சில் முனைத் தண்டான ஸ்பிண்டிலை அளந்து பார்த்து, ஒத்துவருவதைக் கண்டுபிடிக்க மாலையாகிவிட்டது. இரண்டு எண்களை ஒரு தகட்டில் பொறித்து ஆக்சிலில் அடித்திருந்தால் அது அரைமணி நேர வேலை.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன். நெடுந்தூரம் ஓடிவந்த ஹப் சூடாக இருக்கிறது. படகை இறக்கும் சாய்தளத்தில் நீருக்குள் இறங்கியதும் குளிர்ந்த நீர் அதைச் சட்டென்று ஆற்றிவிடுகிறது. உள்ளே இருந்த காற்று சுருங்கி, அந்த இடத்தை நிரப்ப வெளியில் இருக்கும் நீரைச் சீலின் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. சீலின் ரப்பர் உதடு ஸ்பிண்டிலில் எந்த இடத்தில் உட்கார்ந்து சுழல்கிறதோ, அதே இடத்தில் இரும்பு துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிட்டால், அந்த வளையமே அரம்போலச் சீலைத் தின்றுவிடுகிறது. என் ஆக்சிலில் விரலை வைத்துத் தடவினால் அந்தத் துரு வளையம் நகத்தில் தட்டுகிறது. பிறகு டிரெய்லர் வாரக்கணக்கில் வீட்டில் நிற்கும்போது, உள்ளே போன நீர் உருளைகள் பதிந்த இடங்களிலெல்லாம் கோடு கோடாகக் குழி பறிக்கிறது. அன்றாடம் ஓடும் கார் சக்கரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் சக்கரம் முங்குவதற்கும் நிற்பதற்கும் நடுவில்தான் கொஞ்சம் ஓடுகிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. சீல் உட்காரும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகு வளையம் ஒன்றைப் போர்த்தலாம். ஒன்றுக்கு இரண்டு உதடுள்ள சீலைப் போடலாம். ஸ்பிண்டிலின் நடுவே துளையிட்டு, அடிக்கும் கிரீஸ் முதலில் உள்பேரிங்கின் பின்னால் போய், அங்கிருந்து பழையதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்படி அமைக்கலாம். இப்போதோ வெளியிலிருந்து அடிக்கும் கிரீஸ் முன்பேரிங்கோடு நின்றுவிடுகிறது. அழுத்தி அடித்தால் பின்சீல் பிதுங்கி, பிரேக் டிரம்முக்குள் கிரீஸ் வழிகிறது. கிரீஸுக்குப் பதில் எண்ணெய் நிரப்பி, ஒளி ஊடுருவும் மூடி போட்ட ஹப்புகளும் இருக்கின்றன. நீர் புகுந்தால் எண்ணெய் வெளுத்துவிடும், புறப்படுவதற்கு முன் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இவையெல்லாம் உங்கள் தொழிலில் பழகிப்போன வேலைகள்தான். விலை உயர்ந்த மாடலுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைக்காமல், நீங்கள் விற்கும் ஒவ்வொரு டிரெய்லரிலும் இவற்றைக் கொடுங்கள் என்பதுதான் எங்கள் முதற்பெரும் கோரிக்கை. இது தண்ணீரில் இறங்கும் வண்டி. தண்ணீரில் இறங்குவதற்கென்றே கட்டுங்கள்.

டிரெய்லரின் உடற்கூடான இரும்புச் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டம் என்று நீங்கள் பெருமையோடு சொல்வது உண்மைதான். 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புக்கு ஐஎஸ்ஓ 1461 என்ற சர்வதேசத் தரநிலை கேட்கும் சராசரிப் பூச்சு 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் அந்தச் சட்டத்தில் நீங்கள் முடுக்கியிருக்கும் போல்ட்டுகள் மின்முலாம் பூசியவை. அவற்றின் மேல் இருப்பது பெரும்பாலும் பத்து மைக்ரானைச் சுற்றித்தான். சட்டம் பத்தாண்டு நிற்கும்போது போல்ட் இரண்டாம் ஆண்டே தலை கரைந்து, ஸ்பேனர் பிடிக்காமல் வழுக்குகிறது. மூடிய குழாய்ச் சட்டமாக இருந்தால் உள்ளே தங்கிய உப்புநீர் வடிவதற்குத் தாழ்வான முனையில் துளையும், நன்னீர் பாய்ச்சிக் கழுவ ஒரு வாயும் வேண்டும். அடுக்குப் பட்டை ஸ்பிரிங்குகளின் இடுக்கில் துரு ஊதி, பட்டைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நிற்பதை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். அலுமினியச் சட்டத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை நேரடியாக முடுக்கி உப்புநீரில் இறக்கினால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். இடையில் ஒரு நைலான் வாஷர் போட என்ன தடை என்று தெரியவில்லை.

விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னோட்டம் திரும்பும் வழியாகச் சட்டத்தையும் காரோடு இணைக்கும் கொக்கியையும் நம்பாமல், ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் கம்பி இழுத்துக் கொடுங்கள். பின்னால் வருபவருக்கு எங்கள் பிரேக் விளக்கு எரியாமல் போவது பெரும்பாலும் அந்த ஒரு கம்பி இல்லாததால்தான்.

எடை விஷயத்திலும் எங்களுக்குத் தெளிவு வேண்டும். படகின் வெற்றெடையைக் கேட்டு அதற்கு ஏற்ற டிரெய்லர் என்று தருகிறீர்கள். அந்த எடையில் பெரும்பாலும் எஞ்சின் சேராது. எரிபொருள், பேட்டரி, நங்கூரம், கயிறு, குடிநீர் எதுவும் சேராது. 200 லிட்டர் பெட்ரோல் மட்டுமே ஏறக்குறைய 150 கிலோ. நிறைந்த படகுக்கு மேலும் கொஞ்சம் இடம்விட்டு டயரும் ஆக்சிலும் தேர்ந்தெடுத்திருந்தால், பல டயர்கள் கோடை வெயிலில் சாலை நடுவே வெடித்திருக்காது. படகின் பின்முனையில் எஞ்சினின் கனம் இறங்கும் இடம்வரை படகைத் தாங்கும் பலகை நீளவேண்டும். அது ஒரு சாண் குறைந்தாலும் சில ஆண்டுகளில் அடிப்புறம் வளைந்து, படகு ஓடும் விதமே மாறிவிடும். மொத்த எடையில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு கொக்கியின் மேல் இருக்கும்படி ஆக்சிலையும் படகின் முன்முனையில் நிற்கும், படகை இழுத்தேற்றும் வின்ச் தூணையும் முன்பின் நகர்த்தி முடுக்க வழி வேண்டும். கொக்கியில் கனம் குறைந்த டிரெய்லர் வேகத்தில் வால் ஆட்டத் தொடங்கினால் அதை அடக்குவது எவ்வளவு கடினம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இவற்றைச் சொல்லி நான் உத்தரவாதம் கோரியபோது வந்த பதில்தான் இந்த மடலுக்குக் கடைசிக் காரணம். நீரில் முங்கியதால் ஏற்பட்ட பழுது உத்தரவாதத்தில் அடங்காது என்று என் டிரெய்லரைத் தயாரித்தவர்கள் எழுதியிருந்தார்கள். படகு டிரெய்லரை நீரில் முக்காமல் படகை எப்படி இறக்குவது? விற்கும்போது படகு டிரெய்லர் என்று விற்றுவிட்டு, பழுதானதும் நீரில் இறக்கியது உன் தவறு என்று சொல்வது நேர்மையல்ல. சக்கரங்களிலும் மினுக்கும் பூச்சுகளிலும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் தெரியாத அந்த ஹப்பிலும் காட்டியிருந்தால் இப்படி ஒரு விதி எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

கோபம் சற்று மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். உங்கள் வேலையை மதிக்காதவன் இவ்வளவு நீளமாக எழுதமாட்டான். பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: நீரைத் தாங்கும் ஹப்பை எல்லா மாடல்களிலும் கொடுங்கள், பேரிங், சீல் எண்களை ஆக்சிலில் பொறியுங்கள், முங்குவதை உத்தரவாதத்துக்குள் கொண்டுவாருங்கள். அடுத்த மாடலை விற்பனைக்கு அனுப்பும் முன், நிறைந்த படகை ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டி, ஹப் சூடு ஆறுவதற்குள் உப்புநீரில் முக்கியெடுங்கள். இருபது முறை அப்படிச் செய்து, ஒரு மாதம் அப்படியே நிறுத்திவையுங்கள். பிறகு ஹப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் பேரிங்கைப் படம் எடுத்து, உங்கள் விளம்பரத் தாளின் முதற்பக்கத்தில் போடுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு படகு உரிமையாளர்