தலைதட்டி ஒரு கரண்டி

அன்புள்ள கண்ணு,

மருமகளும் குழந்தையும் சுகம்தானே? நேற்று உன் அம்மா போனில், "ராத்திரி அழுதா இன்னொரு கரண்டி பால் பவுடர் சேத்திப் போடு, கெட்டியா குடிச்சா தூங்கிரும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பாசத்தில் சொல்கிறாள். ஆனால் அதை மட்டும் செய்யாதே.

பவுடர் கூடினால் பாலில் உப்பும் புரதமும் கூடும். அதை வெளியேற்ற அந்தப் பிஞ்சு உடம்பில் தண்ணீர் பற்றாது. மலம் கட்டும், நீர் வற்றும். தாகத்தில் அழும், நாம் பசி என்று நினைத்து இன்னும் கெட்டியாகக் கொடுப்போம். தண்ணீர் கூடினாலும் ஆபத்துதான். எடை ஏறாது, ரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்புகூட வரலாம். பசி அடங்கவில்லை என்றால் அதே கணக்கில் தண்ணீரும் பவுடரும் கூட்டிப் பாலை அதிகமாகக் கலந்து கொடு, பதத்தை மாற்றாதே.

கொழிஞ்சாம்பாறை சொசைட்டியில் காலமெல்லாம் பால் அளந்தவன் சொல்கிறேன், கண்ணளவு ஆளை ஏமாற்றும். பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்க்காமல் மேஜையில் வைத்துக் குனிந்து பார். முதலில் தண்ணீர், அப்புறம்தான் பவுடர். பவுடரைப் போட்டுவிட்டு 90 கோடு வரை தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் குறைந்துவிடும். நம் நாட்டு டப்பாக்களில் பெரும்பாலும் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. இருந்தாலும் உன் டப்பாவில் போட்டிருப்பதைப் படி. கரண்டியை அமுக்காமல் மொண்டு, கத்தியின் முதுகால் தலைதட்டு. டப்பா மாறினால் பழைய கரண்டியைத் தூக்கிப் போட்டுவிடு, ஒன்றின் அளவு மற்றதற்குச் சேராது.

பவுடர் கிருமியே இல்லாதது என்று நினைக்காதே. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை மணிக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சூடுதான் பவுடரில் இருக்கும் கிருமியைக் கொல்லும். அப்புறம் மூடிய பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடு. குடித்து மிஞ்சியதை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, கொட்டிவிடு. காசைப் பார்க்காதே.

டப்பாவில் தாய்ப்பாலே சிறந்தது என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்து மருமகள் கலங்கினாள் என்று சொன்னாய். 1992-ஆம் வருஷச் சட்டப்படி எல்லா டப்பாவிலும் அது இருந்தாக வேண்டும். அவளைக் குறை சொல்ல எழுதியதில்லை. பால் பற்றாமல்தான் டாக்டர் எழுதிக் கொடுத்தார். சுரக்கிற அளவுக்கு அவள் பாலையும் கொடுக்கட்டும். ராத்திரிப் பாட்டிலை நீ எழுந்து கலக்கு, அவள் தூங்கட்டும்.

ஓணத்துக்கு வரும்போது கலந்த பாலைக் கொண்டுவராதே. பிளாஸ்கில் வெந்நீர், தனி டப்பியில் அளந்த பவுடர். இங்கே குடிக்க வைத்திருப்பது பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்ட சிவப்புத் தண்ணீர், அது குழந்தைக்கு வேண்டாம். வெறும் தண்ணீர் காய்ச்சப் புதுப் பாத்திரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா