கால்பந்தை வளர்த்த விதி

ஆசிரியருக்கு வணக்கம்.

கால்பந்தின் பிறப்பையும் பரவலையும் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை நன்று. ஆனால் 1863-ல் லண்டனில் எழுதிய 13 விதிகளின்படியே இன்றும் ஆடுகிறோம் என்ற வரியை ஏற்க முடியவில்லை. அந்த விதிகளோடு வியாசர்பாடியில் ஒரு மேட்ச் நடத்தினால், நம் பையன்களுக்கு அது ஃபுட்பால் என்றே தெரியாது. கோல் கம்பங்களுக்கு நடுவே இன்றுபோலவே 8 கஜம்தான்; ஆனால் மேலே குறுக்குக் கம்பம் இல்லை, எவ்வளவு உயரத்தில் போனாலும் கோல். கோல்கீப்பர் என்ற சொல்லே விதிகளில் இல்லை. பந்தைக் கையால் பிடித்தவர் உடனே குதிகாலால் தரையில் குறி போட்டு ஃப்ரீ கிக் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆஃப்சைடு, அதாவது ஆட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாத இடத்தில் நிற்பது. பந்துக்கு முன்னால் நிற்கும் சொந்த அணிக்காரர் யாராக இருந்தாலும் அன்று ஆஃப்சைடு. முன்னோக்கிப் பாஸ் கொடுக்க வழியே இல்லாததால் ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டு ஓட, மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். 1866-ல்தான் இது தளர்ந்தது: எதிரணியில் 3 பேர் கோலுக்கும் தனக்கும் நடுவே இருந்தால் முன்னால் நிற்கலாம். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் கோல் விழவில்லை. ஆனாலும் தனித்தனியே பந்தோடு பாய்ந்த இங்கிலாந்தை, பாஸ் கொடுத்து ஆடிய ஸ்காட்லாந்து சமாளித்துவிட்டது. இன்றைய ஆட்டத்தின் பிறப்பை நான் அங்கேதான் வைப்பேன்.

அந்த '3 பேர்' கணக்கும் பிறகு பழுதானது. ஒரு பேக் (தற்காப்பு ஆட்டக்காரர்) மட்டும் முன்னேறி நின்றாலே போதும், எதிரணி ஃபார்வர்டுகள் ஆஃப்சைடில் சிக்கிக்கொண்டார்கள். ஆட்டம் விசிலில் நின்று நின்று நடந்தது. 1925-ல் 3 பேர் 2 பேரானார்கள். இங்கிலாந்து முதல் டிவிஷனில் 1924-25 சீசனில் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த சீசனில், அதே 462 ஆட்டங்களில், 1,703!

கால்பந்து உலகெங்கும் பரவியதற்கும் காரணம் விதிகள்தான் என்பேன். 1894-ல் இங்கிலாந்திலிருந்து பிரேசிலின் சாவோ பாலோ திரும்பிய சார்லஸ் மில்லர் பந்துகளோடு விதிப் புத்தகத்தையும் கொண்டுபோனார். நாட்டுக்கு ஒரு விதி என்று சிதறாமல் 1886 முதல் ஒரே சர்வதேச வாரியம் விதிகளைக் காத்துவருகிறது. 1904-ல் பாரிசில் 7 நாடுகள் தொடங்கிய ஃபிஃபா அதில் சேர்ந்தது 1913-ல்தான். இன்றும் அந்த வாரியத்தின் மொத்தம் 8 ஓட்டில் 6 கிடைத்தால்தான் ஒரு விதி மாறும்.

இன்னொரு கட்டுரை போட்டால், நம் மைதானங்களில் ஆஃப்சைடுக்காக நடக்கும் சண்டையையும் எழுதுங்கள். 1925-ல் வந்த அந்த '2 பேர்' கணக்கில் ஒருவர் கோலியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை; கோலி ஏறி வந்துவிட்டால் வேறு இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆளுக்கு நேராக நின்றால் ஆஃப்சைடு இல்லை. பந்து வந்து சேரும்போது எங்கே நின்றார் என்பதல்ல, சக வீரர் பந்தை உதைத்த நொடியில் எங்கே நின்றார் என்பதே கணக்கு. பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை-39