பில்லுக்குச் சொன்ன நம்பர் பில்லோடு நிற்கட்டும்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் ஜவுளிக் கடை, மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட் நடத்தும் முதலாளிமார்களுக்கு,

வணக்கமுங்க.

உங்கள் கடைகளில் பில் போடும் இடத்தில் முதல் கேள்வியே "நம்பர் சொல்லுங்க" என்பதுதான். பின்னால் வரிசை நிற்கும்போதே அம்மா ஒருவர் பத்து இலக்கத்தையும் சத்தமாகச் சொல்கிறார். பாயின்ட் ஏறும், ஆடித் தள்ளுபடிக்கு மெசேஜ் வரும் என்பது அவர் எண்ணம். அந்த நம்பர் எக்செல் பட்டியலாகி, விளம்பர ஏஜென்சி வழியாக ஃபேஸ்புக்கில் ஏற்றப்படலாம் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. உங்களில் பலருக்கே ஏஜென்சிக்காரர் விளக்கியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஃபேஸ்புக்கில் 2012 முதல் 'கஸ்டம் ஆடியன்ஸ்' இருக்கிறது. கூகுளில் 2015 முதல் 'கஸ்டமர் மேட்ச்'. கடை கொடுக்கும் பட்டியலைத் தங்களிடம் கணக்கு வைத்திருப்பவர்களோடு பொருத்தி, அவர்கள் கண்ணில் படும்படி விளம்பரம் காட்டுவார்கள். "நம்பர் அப்படியே போகாதுங்க, ஹேஷ் பண்ணித்தான் போகும்" என்று சமாதானம் சொல்வார்கள். ஹேஷ் என்றால், நம்பரை ஒரு கணக்கு முறைப்படி நீளமான எழுத்துக் கோவையாக மாற்றுவது. சரி, ஆனால் ஃபேஸ்புக்கும் தன்னிடம் உள்ள நம்பர்களை அதே முறையில் மாற்றித்தான் ஒப்பிடுகிறது. ஒரு நம்பரை யார் மாற்றினாலும் வருவது ஒரே கோவை. வழியில் எடுப்பவருக்குப் பார்த்தவுடன் அது புரியாது; ஃபேஸ்புக்குக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். உங்கள் கடைக்கு வருகிறவர் என்பதும் கூடவே தெரியும். என்ன வாங்கினார், எவ்வளவுக்கு என்பதைக்கூட அனுப்ப வழியிருக்கிறது.

கனடாவில் இது நடந்தது. ரசீதை மெயிலில் அனுப்புகிறோம் என்று மெயில் முகவரி வாங்கிய ஹோம் டிப்போ என்ற கடை, அதை ஹேஷ் செய்து, வாங்கிய விவரத்தோடு ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்குக் கொடுத்துவந்தது. தன் ஃபேஸ்புக் கணக்கை அழிக்கப்போன ஒருவர், கடையில் நேரில் போய் வாங்கியதில் பெரும்பாலானவை அங்கே பதிவாகியிருப்பதைப் பார்த்துப் புகார் செய்தார். முறையான சம்மதம் வாங்கவில்லை என்று 2023 ஜனவரியில் தனியுரிமை ஆணையர் முடிவு சொன்னார். அங்கே விற்பது ஆணியும் பெயின்ட்டும். நம் மருந்துக் கடைகளில் விற்பது சர்க்கரை மாத்திரை, தூக்க மாத்திரை, கர்ப்பம் பார்க்கும் கிட்.

உங்கள் அப்பா காலத்துக் கடையில் பற்று நோட்டு இருந்தது. எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி என்று அதில் இருக்கும். அதை அடுத்த கடைக்காரர் கையில் யாரும் கொடுத்ததில்லை.

பில்லுக்கு நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவு வாங்குகிறீர்களோ அதைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்கிறது. அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை தருகிறது. சட்டம் முழுதாக அமலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

இந்த வாரமே ஏஜென்சியைக் கூப்பிட்டு, எந்தப் பட்டியலை எங்கே ஏற்றினார்கள் என்று கேளுங்கள். கேட்காமல் ஏற்றியிருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். நம்பர் தராதவருக்கும் முகம் சுளிக்காமல் பில் போடச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கு வேண்டுமென்றால், அப்புறம் தனியாக, தமிழில் கேளுங்கள். மருந்துக் கடைக்காரர்கள் மட்டும் அதையும் கேட்க வேண்டாம். மருந்துச் சீட்டோடு வந்த நம்பர் எந்த விளம்பரத்துக்கும் போகக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் கடைகளின் நெடுநாள் வாடிக்கையாளர்,
கோபிசெட்டிபாளையம்