சேவைத் திட்டப் பட்டியலில் மாற்றம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புதிய கிளவுட் சர்வர் (இணையம் வழியாக நீங்கள் எங்களிடம் வாடகைக்குப் பெறும் கணினி) கேட்டு விண்ணப்பிக்கும்போது உங்கள் திரையில் தோன்றும் திட்டப் பட்டியலை அடுத்த மாதம் முதல் தேதியன்று மாற்றியமைக்கிறோம். உங்களுக்குப் பழகிய சில திட்டங்கள் அன்று பட்டியலில் இருக்கமாட்டா என்பதால் முன்கூட்டியே எழுதுகிறோம்.

எங்கள் சேவை அப்பாச்சி கிளவுட்ஸ்டாக் என்னும் திறமூல மென்பொருளில் இயங்குகிறது. எத்தனை சிபியு, எவ்வளவு ரேம், தரவைச் சேமிக்க எவ்வகை வட்டு என்று நாங்கள் வரையறுத்து வைக்கும் திட்டங்களிலிருந்தே நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒருமுறை உருவாக்கிய திட்டத்தின் பெயரையும் விளக்கத்தையும் திருத்தலாமே தவிர, அதன் சிபியு எண்ணிக்கையையோ ரேம் அளவையோ திருத்த இயலாது. அளவு மாற வேண்டுமானால் புதிய திட்டம் ஒன்றை உருவாக்கிப் பழையதை நீக்கவேண்டும். அவ்வாறு நீக்கினாலும் அத்திட்டத்தில் ஏற்கெனவே இயங்கும் சர்வர்கள் நின்றுவிடுவதில்லை; புதிதாக எவரும் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது, அவ்வளவே. இந்த ஏற்பாட்டை நாங்கள் வரவேற்கிறோம். நீங்கள் கட்டணம் செலுத்திப் பெற்ற அளவு, திட்டத்தில் செய்யும் ஒரு திருத்தத்தால் உங்களுக்குத் தெரியாமல் குறைந்துவிடாது.

முதலில் நீக்கப்படுவது 2 ஜிபி ரேம் கொண்ட விண்டோஸ் திட்டம். கணக்கு மென்பொருளை ரிமோட் டெஸ்க்டாப் (சர்வரின் திரையைத் தொலைவிலிருந்தே இயக்கும் வசதி) வழியாக ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும் அலுவலகங்கள், விலை குறைவு என்பதால் இதைக் கேட்டு வாங்கின. இயங்குதளமே நினைவகத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ரேம் தேவைப்பட, பிற்பகலுக்குள் சர்வர் மந்தமாகிவிடுகிறது. பட்டியலில் இருப்பதால் போதுமானதாகத்தான் இருக்கும் என்று நம்பியே நீங்கள் கேட்டீர்கள். அந்த வேலைக்குப் போதாத திட்டத்தை விளக்கமின்றிப் பட்டியலில் வைத்திருந்தது எங்கள் தவறு. இனி ஒவ்வொரு திட்டத்தின் விளக்கத்திலும் அது எத்தனை பேருக்கு ஏற்றது என்பதையும் எழுதுவோம். 2024 ஜூன் 30 அன்று பராமரிப்பு முடிவடைந்த சென்ட்ஓஎஸ் 7 என்னும் இயங்குதளத்தின் டெம்ப்ளேட்டும் (புதிய சர்வரை உருவாக்கப் பயன்படும் தயார்நிலைப் பிரதி) நீக்கப்படுகிறது.

திட்டம் மாற விரும்புவோர் உங்கள் கணக்கிலிருந்தே கோரிக்கை அனுப்பலாம். சர்வரை நிறுத்தி, ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்து, புதிய திட்டத்துக்கு மாற்றி, மீண்டும் இயக்கித் தருவோம். நீங்கள் சொல்லும் நேரத்தில்தான் நிறுத்துவோம். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11, 20 ஆகிய தேதிகளை ஒட்டி இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள். மாறிய நாளிலிருந்தே புதிய கட்டணம் கணக்கிடப்படும்.

வட்டின் அளவை மட்டும் நிதானித்துக் கேளுங்கள். பின்னர் எப்போது வேண்டுமானாலும் கூட்டித் தரலாம். சுருக்கினால் தரவு அழியும் ஆபத்து இருப்பதால் குறைத்துத் தருவதில்லை.

பழைய திட்டத்திலேயே தொடர விரும்புவோர் எதுவும் செய்யத் தேவையில்லை. ஆனால் அந்த சர்வரை அழித்துவிட்டால், அதே திட்டத்தில் மீண்டும் ஒன்றை உருவாக்க இயலாது. அழிக்குமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகத்தினர்