பத்தாவது பாட்டை முதலில் போடாதீர்கள்

பாட்டுச் செயலி நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மாதாமாதம் தவறாமல் சந்தா கட்டுகிற வாடிக்கையாளர் நான். ஆல்பத்தைத் தொட்டால் பாட்டுகள் கலைந்து வருவதைப் பற்றி மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு, எல்லோரும் படிக்கும்படி எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

என் தம்பிக்கு 'போன் ஈவேர்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் முதல் ஆல்பம் என்றால் உயிர். 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சினில், அப்பாவின் வேட்டைக் குடிலில் தனியாகத் தங்கி அதன் பாடகர் ஜஸ்டின் வெர்னன் பதிவுசெய்த பாட்டுகள். ஒரு கிட்டார், அடுக்கடுக்காக அவருடைய குரல், பெரும்பாலும் அவ்வளவுதான். 2011இல் வந்த இரண்டாவது ஆல்பத்தை அவன் கேட்டதே இல்லை. நான்தான் வற்புறுத்திக் கேட்கவைத்தேன். உங்கள் செயலி எடுத்த எடுப்பில் போட்டது பத்தாவதான கடைசிப் பாட்டை. எண்பதுகளின் கீபோர்டு ஒலி வந்ததும், "இது அவரு இல்லக்கா" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டான்.

அவன்மேல் தப்பில்லை. அந்த ஆல்பம் வந்த புதிதில் நானும் அதோடு மல்லுக்கட்டியவள்தான். டிரம்ஸ், காலின் ஸ்டெட்சனின் சாக்ஸபோன், கிரெக் லைஸின் பெடல் ஸ்டீல் கிட்டார், வயலின்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. குடிலில் கேட்ட ஆளைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டதாக வருந்தினேன். என்னிடம் இருந்தது சிடி. போட்டால் முதல் பாட்டிலிருந்துதான் பாடும். அந்த முதல் பாட்டு, 'பெர்த்', கிட்டாரில் அடங்கித்தான் தொடங்குகிறது. பிறகு அணிவகுப்பு மாதிரி டிரம்ஸ் நெருங்கி வருகிறது, கடைசியில் ஊதுகருவிகளும் சேர்ந்து ஓங்கி எழுகின்றன. மூன்றாவதாக 'ஹோலோசீன்' வரும்போது மறுபடி விரல்கள் மீட்டும் கிட்டார். ஐந்தாறு முறை கேட்டபின் ஒருநாள் பிடிபட்டது: குரல் அதே குரல், அது நிற்கும் இடம்தான் பெரிதாகியிருக்கிறது. ஒன்பது பாட்டு நடந்து வந்தவளுக்கு அந்தக் கடைசிப் பாட்டின் கீபோர்டு, வீடு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. இன்று எனக்கு மிகப் பிடித்த பாட்டு அதுதான்.

ஆகவே கேட்கிறேன்: ஆல்பத்தைத் தொட்டால் அதன் வரிசையிலேயே ஒலிக்கட்டும். 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதும் ஸ்பாட்டிஃபை செயலி ஆல்பம் பக்கத்தில், பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளைப் பின்னுக்குத் தள்ளியது. செய்ய முடியாத வேலை என்று நீங்கள் சொல்ல முடியாது. எந்தப் பாட்டுக்குப் பின் எது வரவேண்டும் என்று ஒரு கலைஞர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதைக் கலைக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? வாசித்தவர்கள் பெயரும் உங்கள் பக்கத்தில் இல்லை. சிடி உறையில் பொடி எழுத்திலாவது இருந்தது. பாட்டைச் சரக்காக மட்டுமே பார்க்கிறவர்கள்தான் இப்படிச் செய்வார்கள்.

கோபத்தில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பியிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொண்டிருக்கிறான். தயவுசெய்து அதற்குள் வரிசையைச் சரிசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்