பாசித் தொழில் செய்யும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்: நிறுத்த வேண்டியது தெப்பத்தை அல்ல, விற்பனையை

அன்புள்ள அக்கா தங்கைகளே,

மண்டபம் முனைக்காடு, வேதாளை, சம்பை, ஓலைக்குடா எனக் இராமநாதபுரம் கரை நெடுக மூங்கில் தெப்பம் கட்டிக் கடல்பாசி வளர்க்கிறவர்களுக்கும், பாம்பன் சின்னப்பாலம் பக்கம் தீவோரம் மூழ்கிப் பாசி எடுக்கிறவர்களுக்கும் இந்த மடல். விலை கட்டுப்படியாகாத போதெல்லாம் "எல்லாரும் சேர்ந்து தெப்ப வேலையை நிறுத்திவிடுவோம்" என்ற பேச்சு குழுக்களில் எழுகிறது. கோபம் நியாயமானது, ஒன்றாக நிற்க வேண்டும் என்பதும் சரி. ஆனால் நிறுத்துகிற இடம் தவறு.

ஆலையில் தொழிலாளி கையை எடுத்தால் இயந்திரம் நிற்கும், நட்டம் முதலாளிக்கு. தெப்பத்தில் நிலைமை வேறு. ஊரில் பெப்சி பாசி என்று சொல்கிற, தெப்பத்தில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அதற்கு மேல் விட்டால் கொத்து கனத்து, அலையில் ஒடிந்து மிதந்து போகும். அடியில் கட்டிய வலை கிழிந்திருந்தால் ஓரா மீன் மேய்ந்துவிடும். வெயில் காலமாக இருந்தால் நுனி வெளுத்து, தண்டு இற்றுவிடும். இரண்டு வாரம் தெப்பத்தைப் பார்க்காமல் விட்டால் போவது அந்த அறுவடை மட்டுமல்ல, அடுத்த நடவுக்கான விதைப்பாசியும்தான். விதை போனால் மறுபடி விதைக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்? எவரை எதிர்த்து நிறுத்தினீர்களோ அவரிடமே, புதுக் கடனோடு. ஆகவே தெப்பம் ஓடட்டும், அறுப்பும் நடவும் நடக்கட்டும். காய்ந்த பாசியைக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். மீனைப் போல மறுநாளே கெட்டுப்போகிற சரக்கல்ல இது. நன்றாகக் காய்ந்த பாசி மாதக்கணக்கில் கிடக்கும். இந்தக் கரையில் மீனவர்களுக்கு இல்லாத பலம் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

இதற்கு முன் கணக்கைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். நட்டது 60 கிலோ. 45 நாளில் 240 கிலோ வந்ததென்று வையுங்கள். அடுத்த நடவுக்கு 60 போக 180 கிலோ காய வைப்பதற்குப் போகும். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 18 கிலோ காய்ந்த பாசி. ஒருத்திக்கு 45 தெப்பம் இருந்தால் நாளுக்கு ஒரு தெப்பம் அறுக்கலாம், அதாவது நாளுக்கு 18 கிலோ. உதாரணத்துக்குக் கிலோ 80 ரூபாய் என்று வைத்தால் 1,440 ரூபாய். "ஈரம், மணல்" என்று நூற்றுக்குப் பத்து கழித்தால் 144 ரூபாய் போயிற்று. விலையை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் கூலியைக் குறைக்கும் வழி இது. அதனால்தான் விலைக்காகப் போராடுவதற்கு முன்னால் இந்தக் கழிவை எதிர்த்துப் போராட வேண்டும் என்கிறோம்.

கழிவுக்குப் பயந்து பலர் அளவுக்கு மீறிக் காய வைக்கிறார்கள். அதிலும் நட்டம் உங்களுக்கே. வணிகத்தில் இந்தப் பாசிக்குச் சுமார் 35 சதவீதம் ஈரம் ஏற்கப்படுவது வழக்கம். அந்த ஈரத்தில் 18 கிலோ நிற்கும் பாசியை 25 சதவீதம் வரை காய வைத்தால் 15.6 கிலோதான் நிற்கும். 2.4 கிலோவை வாங்குகிறவருக்குச் சும்மா கொடுத்தது போல ஆகும். ஊருக்கு ஒரு நல்ல மின்னணுத் தராசு வாங்குங்கள், தொழிலாளர் துறையின் முத்திரையை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். ஒவ்வொரு வண்டிச் சரக்கிலும் நாலைந்து சாக்கிலிருந்து அள்ளிக் கலந்து ஒரு கிலோ மாதிரி எடுங்கள். சல்லடையில் உதறி விழுந்த மணலை நிறுத்துக் குறியுங்கள். ஈரத்துக்கு 100 கிராமை 105 டிகிரிச் சூட்டில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்த வேண்டும், அதற்கு ஆய்வகம் வேண்டும். சில முறை அப்படிப் பார்த்து, எந்தக் காய்ச்சலுக்கு எவ்வளவு ஈரம் என்று கை பழகிவிட்டால் பிறகு பிசகாது. மாதிரியின் பாதியைப் பையில் கட்டி, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வரும்போது அந்தப் பை பேசும்.

மணலில் காயப்போட்டால் மணல் கழிவைத் தடுக்க முடியாது. தார்ப்பாயோ பழைய வலையோ கட்டாயம். காயும்போது மழைத்தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து ஓடி எடையும் தரமும் போகும். கட்டி வைத்த பிறகோ பகை வேறு: பாசியில் ஒட்டிய உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.

இனி இருப்பு வைப்பது. 60 பெண்கள் ஒரு மாதம் சரக்கைக் கொடுக்காமல் வைத்தால் 60 பெருக்கல் 18 பெருக்கல் 30, அதாவது 32,400 கிலோ. 50 கிலோ சாக்கில் 648 சாக்கு. இதை யார் வீட்டுத் திண்ணையிலும் அடுக்க முடியாது. கொட்டகை பார்க்காமல் நிறுத்தத்தை அறிவித்தால் பத்தாம் நாள் மழை மேகத்தைப் பார்த்ததும் சரக்கு கொள்முதல் ஏஜெண்டின் வண்டியில் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எக்காரணம் கொண்டும் தொடங்காதீர்கள்.

கொட்டகைக்கு அடுத்தது நிதி. வீட்டுக்கு நாளுக்கு 250 ரூபாய் என்று வைத்தாலும் 60 வீட்டுக்கு 30 நாளைக்கு 4,50,000 ரூபாய் வேண்டும். ஆளுக்கு நாளுக்கு 20 ரூபாய் போட்டு, மாதம் 25 நாள் சேர்த்தால் மாதம் 30,000. பதினைந்து மாதம் ஆகும். நீண்ட காலம்தான், ஆனால் குறுக்கு வழி எங்களுக்குத் தெரியவில்லை. இந்தப் பணத்தை வட்டிக்கு விடவே கூடாது. சுழற்சிக் கடனாகப் போன நிதி, தேவைப்படும் வாரத்தில் கையில் இருக்காது. மூன்று ஊரைச் சேர்ந்த மூன்று பேர் கையெழுத்தில் கணக்கு இருக்கட்டும், மாதாமாதம் பாஸ்புக்கை எல்லாரும் பார்க்கட்டும்.

ஒற்றுமை எங்கே உடைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருத்தி இரவோடு இரவாகச் சரக்கை விற்றால் துரோகி என்று ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாலும் பின்னால் இருப்பது ஓர் ஆஸ்பத்திரிச் செலவோ பிள்ளையின் ஃபீஸோதான். அவசரம் என்று கேட்ட அன்றே, கேள்வி கேட்காமல், 5,000 ரூபாய் வரை நிதியிலிருந்து கொடுக்கிற ஏற்பாடு இருந்தால் அவள் விற்கப் போகமாட்டாள். முன்பணமும் அப்படியே ஒற்றுமையை உடைக்கும். பாசி வாங்குகிறவரிடம் பெற்ற முன்பணம் சரக்கின் விலையில் கழியாமல் ரொக்கமாகத் தவணையில் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். கடனும் விலையும் ஒரே நோட்டில் இருக்கும்வரை விலை பேச உங்களுக்கு வாயிருக்காது.

உங்களைத் தொழில்முனைவோர் என்கிறார்கள். மூங்கிலும் கயிறும் கடனில் வருகின்றன. புயலும் நோயும் உங்கள் கணக்கில். வாங்குகிறவர் ஒருவரே, விலை சொல்கிறவரும் அவரே. தொழிலாளி என்று சொன்னால் காப்பீடு, நட்டஈடு, குறைந்தபட்சக் கூலி என்று பேச்சு வரும். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பட்டம். முதலாளி என்று ஒருவர் இல்லாததால் சங்கம் வைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அகமதாபாத்தில் சுயதொழில் பெண்களின் சேவா அமைப்புக்கும் முதலில் அதே பதில்தான் கிடைத்தது. வாதாடி 1972இல் தொழிற்சங்கமாகவே பதிவு பெற்றார்கள். பதிவு விண்ணப்பத்தில் கையெழுத்திட 7 பேர் போதும், ஆனால் அந்தத் தொழிலில் இருப்பவர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கமாகப் பதியலாம் என்ற யோசனையும் வரும். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 நிர்வாகக் குழுவைக் கலைத்துத் தனி அலுவலரை அமர்த்தும் அதிகாரத்தைப் பதிவாளருக்குத் தருகிறது. உங்கள் சாவி இன்னொருவர் இடுப்பில் தொங்கும் என்பதை அறிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சங்கத்தை எப்படி நடத்துவது என்பதில் எங்கள் நிலை வெளிப்படையானது. 1887இல் சென்னையில் பிறந்து 1954இல் பம்பாயில் இறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு கட்சி அதிகாரத்திலிருந்தும் அரசு அதிகாரத்திலிருந்தும் விலகி, உழைக்கிறவர்களே தங்கள் உற்பத்தியை நடத்த வேண்டும் என்ற அராஜகவாதத் தொழிற்சங்க வழிக்கு வந்தார். எங்கள் வழியும் அதுதான். அராஜகம் என்றதும் கலவரம் என்று நினைக்க வேண்டியதில்லை. சின்னப்பாலத்துப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, பாறையில் இரும்புக் கருவி படாமல் கையால் பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்களே, அதுதான் அதன் நடைமுறை. அதிகாரி போட்ட உத்தரவைவிடக் கூடிப் பேசி வைத்த கட்டுப்பாட்டை மனிதர்கள் மதிப்பார்கள்.

ஆகவே ஊருக்கு இரண்டு பிரதிநிதிகள். ஊர்க்கூட்டம் சொன்னதைத்தான் அவர்கள் எல்லா ஊரும் சேர்ந்த கூட்டமைப்பில் பேச வேண்டும், மீறினால் அடுத்த கூட்டத்திலேயே திரும்ப அழைத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். கணக்கு எழுதுகிறவர் எப்போதும் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். எழுதத் தெரிந்த ஒரே ஆள் ஐந்தாண்டு எழுதினால் சங்கம் அவருடையதாகிவிடும், அவர் நல்லவராக இருந்தாலும். கொள்முதல் கமிஷன் வாங்குகிறவர் பிரதிநிதியாகக் கூடாது, இதில் சலுகையே வேண்டாம்.

வலமாவூரில் 127.71 கோடி ரூபாய்த் திட்டமாக அறிவிக்கப்பட்ட கடல்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மேலே சொன்ன 648 சாக்குக்கு அங்கே இடம் உண்டா, பாசி காய வைக்கும் தளத்தையும் கிடங்கையும் யார் நடத்துவது, விதைப்பாசி யாருக்கு முதலில் என்பதை இப்போதே எழுத்தில் கேளுங்கள். கிடங்கு ஒரு நிறுவனத்தின் குத்தகைக்குப் போய்விட்டால், சரக்கை நிறுத்தி வைக்கும் பலமும் அதோடு போய்விடும். தளமும் கிடங்கும் கூட்டமைப்பின் பொறுப்பில், நாள் வாடகைக்கு என்பது பூங்காவைப் பொறுத்தவரை நம் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

இந்த மாத ஊர்க்கூட்டத்துக்கு மூன்று வேலை: தராசுக்குப் பணம் பிரிப்பது, கடந்த மூன்று மாத ரசீதுகளைச் சேர்த்துக் கழிவு எத்தனை கிலோ என்று கூட்டிப் பார்ப்பது, இரண்டு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது. ரசீதே தரப்படவில்லை என்றால் முதல் கோரிக்கை ரசீதுதான்.

தோழமையுடன்,
இராமநாதபுரம் கடற்கரைத் தொழிலாளர் தோழர்கள்