போட்ட காசை எடுக்கும் அவசரம்: பேராசை அல்ல, கணக்குப் பிழை

ஆசிரியருக்கு வணக்கம்.

இலவசம் என்றால் முண்டியடிப்பவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சாடித் தங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ‘ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான்’ என்ற கிண்டலும் அதில் இருந்தது. கிண்டல் இருக்கட்டும், அவர் சொன்ன காரணம்தான் பொருந்தவில்லை. பேராசைக்காரன் எங்கே லாபம் அதிகமோ அங்கே போவான். இலவசப் பித்துப் பிடித்தவரோ பல நேரம் லாபம் குறைந்த பக்கம்தான் போகிறார். சலுகைத் திட்டங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் இதை நம்பித்தான் திட்டமே வகுக்கிறார்கள்.

2007இல் கிறிஸ்டினா ஷம்பானியர், நீனா மசார், டான் ஆரியலி மூவரும் வெளியிட்ட சோதனை இந்தத் தொழிலில் அனைவருக்கும் தெரிந்தது. உயர்ந்த ரக சாக்லேட் 15 சென்ட், சாதாரண சாக்லேட் 1 சென்ட் என்று வைத்தபோது வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் உயர்ந்ததை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே ஒரு சென்ட்டைக் குறைத்தார்கள். 14 சென்ட் ஒன்று, இலவசம் ஒன்று. இப்போது 69 சதவீதம் பேர் இலவசத்தின் பக்கம். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் அப்படியேதான் இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்று: 10 டாலர் கூப்பன் இலவசம், அல்லது 20 டாலர் கூப்பனை 7 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவதில் 13 டாலர் மிச்சம் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பெரும்பாலோர் கை நீட்டியது இலவசத்துக்கு.

காசு கொடுத்து எதை வாங்கினாலும் ‘ஏமாந்துவிட்டோமோ’ என்ற ஒரு சின்ன உறுத்தல் கூடவே வருகிறது. விலை அதிகம் என்று படும்போது மூளையில் இன்சுலா என்னும் பகுதி கூடுதலாக இயங்குவதை 2007இல் பிரையன் நட்சன் குழுவினர் ஸ்கேனில் பார்த்தார்கள். விலை பூஜ்யம் என்றால் அந்த உறுத்தலுக்கே இடமில்லை. அதனால் யோசிப்பதும் நின்றுவிடுகிறது. வரிசையில் நின்ற நேரம், கொடுத்த தொலைபேசி எண், பொருள் அடைத்துக்கொள்ளும் இடம் எதையும் யாரும் விலையாக எண்ணுவதில்லை. செலவழிக்கும்போது மற்றவர்களைவிட அதிகம் வலிக்கிற மனிதர்கள் உண்டு. இவர்களைக் கஞ்சர்கள் என்று சொல்லிவிடுகிறோம். இலவசத்திடம் முதலில் விழுபவர்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம். காரணம், இவர்கள் வலியில்லாமல் எதையாவது வாங்கக் கிடைப்பது அந்த ஒரு சந்தர்ப்பம்தான்.

பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தாலர் (2017இல் நோபல் பரிசு பெற்றவர்) 1985லேயே இதைப் பிரித்துக் காட்டினார். பொருளால் வரும் பயன் ஒன்று. ‘நல்ல பேரம் படிந்தது’ என்ற திருப்தி இன்னொன்று. 1990இல் லிக்டன்ஸ்டைன், நெட்மயர், பர்ட்டன் மூவரும் இதிலிருந்து மேலே போய், கூப்பனைக் கண்டால் வாங்குபவரும் விலைக்கேற்ற தரம் பார்த்து வாங்குபவரும் வேறு வேறு குணமுள்ளவர்கள் என்று அளந்து காட்டினார்கள். வீட்டில் இருப்பவர் எந்த ரகம் என்று அறிய ஒரு கேள்வி போதும். அவர் வாங்கிவந்த பொருளைக் காட்டி ‘என்ன விலை?’ என்று கேளுங்கள். முதல் வகையினர் கொடுத்த தொகையை மறந்துவிட்டு மிச்சமான தொகையைச் சொல்வார்கள். இரண்டாம் வகையினர் ஒரு கிலோவுக்கு, ஒரு மீட்டருக்கு எவ்வளவு விழுந்தது என்று சொல்வார்கள்.

சலுகைகளின் உண்மையான அளவைப் பலர் கணக்குப் போடுவதே இல்லை. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது 33 சதவீதத் தள்ளுபடி, மூன்றையும் பயன்படுத்தினால். ஒன்று காலாவதியாகிக் குப்பைக்குப் போனால் தள்ளுபடி பூஜ்யம். தேவை ஒன்றுதான் என்றால் இரு மடங்கு செலவு செய்திருக்கிறீர்கள். ‘இரண்டாவது பாதி விலை’ என்பது 25 சதவீதம்தான். ‘50 சதவீதம் கூடுதல்’ என்று டப்பாவில் போட்டிருந்தால் அது 33 சதவீதத் தள்ளுபடிக்குச் சமம், பாதி விலை அல்ல. ‘50 சதவீதம், அதன் மேல் 20 சதவீதம்’ என்றால் கூட்டி 70 என்று நினைக்க வேண்டாம், 60தான் வரும்.

இவற்றிலும் மோசமானது ‘100க்கு வாங்கினால் 25 திரும்பக் கிடைக்கும்’ என்ற வகை. பணமாகக் கிடைப்பதில்லை, அடுத்த பில்லுக்கான கூப்பனாகக் கிடைக்கிறது. அடியில் பொடி எழுத்தில் ‘குறைந்தபட்ச பில் 100’ என்று இருக்கும். அப்படியானால் முதல் முறை 100, அடுத்த முறை 75, ஆக 175 கொடுத்து 200க்கான பொருள் வாங்குகிறீர்கள். தள்ளுபடி 12.5 சதவீதம். அதுவும் இரண்டாம் முறை போனால்தான். போகாதவர்களின் கூப்பன் காலாவதியாகிவிடும். இந்தத் தொழிலில் இதற்கு பிரேக்கேஜ் என்று பெயர், திட்டம் போடும்போதே இத்தனை சதவீதம் பேர் வரமாட்டார்கள் என்று எழுதிக்கொள்வார்கள். வேலிடிட்டி நீளமாக இருந்தால் நமக்கு நல்லது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. சுசான் ஷூவும் யூரி நீஸியும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வாரக் கெடு உள்ள சிற்றுண்டிக் கூப்பனை 31 சதவீதம் பேர் பயன்படுத்தினார்கள், இரண்டு மாதக் கெடு உள்ளதை 6 சதவீதம் பேர்தான். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதிலேயே கடைக்காரருக்கு லாபம்.

இந்தக் கணக்கு கடைக்காரரின் காலையும் வாரியிருக்கிறது. 1992இல் பிரிட்டனில் ஹூவர் நிறுவனம் 100 பவுண்டுக்கு மேல் பொருள் வாங்கினால் இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்று அறிவித்தது. விண்ணப்பப் படிவங்களின் சிக்கலில் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள் என்று நம்பினார்கள். மக்கள் விடவில்லை. டிக்கெட்டுக்காகவே வேக்யூம் கிளீனர் வாங்கியவர்கள் ஏராளம். சுமார் 5 கோடி பவுண்டு செலவாகி, 1995இல் அந்த நிறுவனத்தின் ஐரோப்பிய வியாபாரமே கைமாறிப் போயிற்று. ஆனால் இது அபூர்வம்.

இலவச டெலிவரியும் இதே சங்கதிதான். வரம்பு 500, கூடையில் 420, டெலிவரிக் கட்டணம் 40 என்று வையுங்கள். 80க்கு ஒரு பொருளைச் சேர்த்தால் கட்டணம் 40 மிச்சம், அதாவது அந்தப் பொருள் உங்களுக்கு 40க்கு விழுகிறது. ஆகவே கேட்க வேண்டியது ‘இந்தப் பொருள் எனக்கு வேண்டுமா’ என்பதுகூட அல்ல, ‘தனியாக இருந்தால் இதை 40க்கு வாங்குவேனா’ என்பது. ஆம் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். சேர்க்கவே கூடாது என்று உபதேசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி, ‘காசு கொடுத்தாச்சே, எடுக்காமல் விடலாமா?’ என்ற பிடிவாதம். இலவச மோகம் வாங்குமுன் வருவது, இது கொடுத்தபின் வருவது. 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசு இழுத்துக்கொண்டு போனது. இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது, காசு கொடுத்த நினைவு மங்க மங்க இழுப்பும் குறையும்.

பஃபே விருந்தில் இதை நேரில் பார்க்கலாம். வாசலில் கொடுத்த தொகை எத்தனை தட்டு சாப்பிட்டாலும் திரும்பி வராது. நடத்துபவர் தனி ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுவதில்லை, நூறு பேரின் சராசரியைத்தான் பார்க்கிறார். வயிற்றை அடைக்கும் மலிவான பதார்த்தங்கள் வரிசையின் தொடக்கத்தில், விலை உயர்ந்தவை கடைசியில், தட்டு சிறியதாக. மூன்றாம் தட்டு உங்களுக்கு அஜீரணம், அவருக்குப் பெரிய செலவில்லை. முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு, வேறெங்கும் கிடைக்காத மூன்று பதார்த்தங்களை மட்டும் எடுப்பவர்தான் நன்றாகச் சாப்பிட்டு எழுகிறார்.

உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் இதைவிட அதிகமாகப் போகிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு முறை சொச்சம்தான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான். ‘எத்தனை முறை வேண்டுமானாலும்’ என்ற சொல்லுக்கு அவ்வளவு கிராக்கி. மாத உறுப்பினர் கட்டணத்தை ஒரு தடவைக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள், எத்தனை முறை போனால் ஈடாகும் என்று தெரியும். கடந்த மூன்று மாதங்களில் மாதத்துக்கு நிஜமாக எத்தனை முறை போனீர்கள் என்பதோடு அதை ஒப்பிட வேண்டும், வரும் மாதத் தீர்மானத்தோடு அல்ல. இன்னொன்று: வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் முதல் இரண்டு மாதம் கூட்டம் அலைமோதும், பிறகு ஆள் வராது. போகத்தான் வேண்டும் என்று நினைப்பவர் மாதாமாதம் கட்டுவது நல்லது. ஒவ்வொரு முறை கட்டும்போதும் வலி புதுப்பிக்கப்படும். இந்த இடத்தில் அந்தப் பிடிவாதம் நமக்காக வேலை செய்கிறது.

இல்லாமையில் வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தக் குணம் என்று சொல்லப்படுவதையும் அப்படியே ஏற்க முடியவில்லை. 1981இல் உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் கேட்ட கேள்வி: 5 டாலர் மிச்சப்படுத்த 20 நிமிடம் வண்டியோட்டி வேறு கிளைக்குப் போவீர்களா? பொருளின் விலை 15 டாலர் என்றபோது 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள், 125 டாலர் என்றபோது 29 சதவீதம்தான். ஐந்து டாலர் ஐந்து டாலர்தானே? இது போன்ற கேள்விகளை அனுஜ் ஷாவும் அவர் குழுவினரும் 2015இல் மீண்டும் கேட்டபோது, வருமானம் குறைந்தவர்களிடம் இந்தத் தடுமாற்றம் குறைவாக இருந்தது. கையில் காசு இல்லாதவருக்கு ஐந்தின் மதிப்பு தெரியும். சதவீதத்தைப் பார்த்து மயங்குவது வசதியுள்ளவர்களிடம்தான் அதிகம்.

ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு முத்திரை குத்தி, நிரம்பினால் ஒன்று இலவசம் என்று தரும் முத்திரை அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நுனஸ், டிரேஸ் இருவரும் 2006இல் வெளியிட்ட கார் கழுவும் நிலையச் சோதனையில் எட்டு முத்திரை நிரப்ப வேண்டிய வெறும் அட்டையை 19 சதவீதம் பேர் நிரப்பினார்கள். பத்துக் கட்டத்தில் இரண்டை முன்கூட்டியே குத்திக் கொடுத்த அட்டையை 34 சதவீதம் பேர். இருவருக்கும் பாக்கி எட்டுதான். சில நாள் காசில்லாமல் பயன்படுத்திப் பார்க்கத் தரும் இலவச ட்ரையலுக்கும் வழி எளிது: சேர்ந்த அன்றே ஆட்டோ ரெனியூவலை, அதாவது கெடு முடிந்ததும் தானாகப் பணம் எடுத்துப் புதுப்பிப்பதை, நிறுத்திவிடுங்கள். பல சேவைகள் நிறுத்திய பின்னும் ட்ரையல் முடியும்வரை தொடரும், உடனே துண்டிப்பவையும் உண்டு. எது என்று நிறுத்துமுன் அந்தத் திரையிலேயே படித்துக்கொள்ள வேண்டும். துண்டிக்கும் சேவை என்றால் முடிவுத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கைபேசியில் அலாரம். கடைசி நாள் வரை காத்திருந்தால் நேர மண்டல வித்தியாசத்திலேயே பணம் போய்விடலாம்.

எல்லாவற்றையும் சிரித்துக் கடக்க முடியாத ஒரு நிலை உண்டு. எதையும் எறிய மனமில்லாமல் குவித்து வைக்கும் பதுக்கல் நோயை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு தனி நோயாகச் சேர்த்தது. அந்நோய் உள்ளவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேர் தேவைக்கு மேல் சேர்க்கிறார்கள், கடையில் வாங்குவது முதலிடம், இலவசப் பொருட்கள் அடுத்தது. அறையில் நடக்க இடமில்லை, கட்டிலில் படுக்க இடமில்லை, ஒரு துண்டுத்தாளை எறிந்தாலும் துடிக்கிறார் என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அவர் இல்லாதபோது அள்ளி எறிவது நிலைமையை மோசமாக்கும். அந்த அளவு இல்லாத வீடுகளில் ஒரே ஒரு பெட்டி ஒதுக்கி, வரும் ஒவ்வொரு இலவசப் பொருளின் மேலும் மார்க்கரால் தேதி எழுதி வைத்தால் போதும். ஆறு மாதம் தொடாதது தானாகக் கண்ணில் படும், யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. தங்கள் பக்கங்களில் வரும் விளம்பரங்களில் ‘50 சதவீதம்’ என்பது கால் பக்கத்துக்கு நிற்கிறது, ‘வரை’ என்பதைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே எழுத்தளவில் தரும்படி விளம்பரப் பிரிவினர் கேட்டால் மறுக்க ஒரு காரணமும் இருக்காது. நிபந்தனை வரிகளுக்கும் குறைந்தது தங்கள் செய்தி எழுத்தின் அளவாவது வேண்டும்.

இப்படிக்கு,
சலுகை விலைக் கணக்குத் துறையைச் சேர்ந்த வாசகர்